வைத்தியரைத் தேடுவது நோயாளியின் வேலையா?

ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கால்களை அகட்டி வைத்து, இரு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தால் பார்ப்பவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பேச்சும் குழறினால் சந்தேகமே இல்லை. தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்து மறுபக்கம் இழுப்பார்கள். கண்டக்டர் ஏற்றத் தயங்குவார். மலையகத்தில் மதுவினால் சீரழிந்த குடும்பங்கள் எத்தனையோ இருப்பதால், அப்படி நினைப்பவர்களை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் ஒரு துளி மதுவும் தொடாமல் ஒருவர் அப்படி நடக்கக்கூடும். உயர்தர உயிரியல் படிக்கும் மாணவிகளுக்கு மூளி என்றால் என்னவென்று தெரியும். தலையின் பின்புறம், மூளையத்திற்குக் கீழே, கைப்பிடிக்குள் அடங்கும் அளவில் இருக்கும் அந்தப் பகுதிதான் உடலின் சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் பார்த்துக் கொள்கிறது. தேநீர்க் கோப்பையை எடுத்துச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டு போவதும், படியில் சரியான இடத்தில் காலை வைப்பதும், சொற்களை ஒன்றோடொன்று மோதாமல் உச்சரிப்பதும் அதன் தயவால்தான். மதுவும் மூளியைத் தடுமாற வைக்கிறது. ஆகவே மூளி நோயாளி குடித்தவர் போலத் தெரிவது தற்செயல் அல்ல. வித்தியாசம் இதுதான்: குடித்தவர் மறுநாள் காலையில் நேராக நடப்பார். இவர் நடக்கமாட்டார்.

மூளியின் கலங்கள் வருடக்கணக்கில் சிறிது சிறிதாக அழிந்து போகும் பரம்பரை நோய்கள் சில உள்ளன. அவற்றில் ஒரு தொகுதிக்கு ஸ்பைனோசெரிபெலர் அட்டாக்ஸியா என்று பெயர். அட்டாக்ஸியா என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் ஒழுங்கின்மை. இந்தத் தொகுதியில் பல வகைகள் இருப்பதால் எண் கொடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று அழைக்கிறார்கள். முதலாம் வகை பெரும்பாலும் முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ தொடங்கும். முதலில் நடை, பிறகு கை, பிறகு பேச்சு, கடைசியில் விழுங்கும் சக்தி. பத்து முதல் இருபது வருடங்கள் வரை இது நீளலாம்.

இதைப் போன்ற ஓர் அரிய நோய் தோட்டத்து லயத்தில் வாழும் ஒருவருக்கு வந்தால், அதற்குரிய வைத்திய நிபுணரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. அது அநியாயம் என்பதே என் கருத்து. தேடும் வேலையைச் சுகாதாரத் துறை செய்ய வேண்டும். அது தோட்ட டிஸ்பென்சரியிலேயே தொடங்கவும் வேண்டும்.

எனக்கு இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம் என்னோடு இரசாயனவியல் வகுப்புக்கு வரும் ஒரு தோழி. அவளுடைய அப்பா ஹட்டனுக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். முப்பத்தாறு வயதளவில் கத்தி இலக்குத் தவறத் தொடங்கியது. ஒருமுறை தன் காலையே வெட்டிக் கொண்டார். கவ்வாத்து வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு மலையில் புல்வெட்டப் போட்டார்கள், அங்கும் சறுக்கி விழுந்தார். சில நாட்கள் அரைப்பேர். சில நாட்கள் பிரட்டுக் களத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் "தெரியும்". எங்கள் வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வந்தால் அவர் முதலில் சொல்லும் வார்த்தை, "நானா, நான் குடிக்கல்ல" என்பதுதான். ஒரு மனிதர் அரிசி வாங்க முன்னர் தன் ஒழுக்கத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் விட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். டவுனில் ஒரு டொக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வாரத்துக்கு ஓர் ஊசி போட்டார். லயத்து மனிதர்கள் செய்வினை என்றார்கள். எலுமிச்சம்பழம் வெட்டுவதற்கும் கழிப்புக் கழிப்பதற்கும் போன பணத்தில் கண்டிக்குப் பல தடவை போய் வந்திருக்கலாம். (இந்த விடயத்தில் எம்மவர்களும் குறைந்தவர்கள் அல்லர். நூல் கட்டவும் தண்ணீர் ஓதி வாங்கவும் ஓடிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியை நினைக்கும் வீடுகளை நான் அறிவேன். துஆக் கேட்பது வேறு, வைத்தியத்தைத் தள்ளிப் போடுவதற்கு துஆவைச் சாட்டாக்குவது வேறு. நோயை இறக்கிய இறைவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்யுங்கள் என்பதல்லவா எமது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல்?)

இதற்குப் பிறகுதான் ஓர் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக். அங்கே வைத்தியர் சிங்களத்தில், குடிப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். கேள்வி பிழையில்லை. நீண்ட காலம் குடிப்பவர்களின் மூளி உண்மையிலேயே பாதிக்கப்படும் என்பதால் எந்த வைத்தியரும் அதைக் கேட்கத்தான் வேண்டும். இவருக்கு விளங்கியது பாதி. இளவயதில் திருவிழாக் காலத்தில் குடித்ததுண்டு, கலியாணத்தோடு விட்டுவிட்டேன் என்று சொல்ல விரும்பியவர் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய மனைவிக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான். கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஏறிவிட்டது. அதன் பிறகு அந்தக் கொப்பியைத் திறந்த ஒவ்வொருவரும் முதலில் வாசித்தது அந்த வரியைத்தான். மது காரணம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதற்கு அப்பால் தேடுவதற்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

நான்கு வருடங்கள் அப்படியே போயின. வேறொரு நோய்க்காக வேறோர் இடத்துக்குப் போன வேளையில், தமிழ் தெரிந்த ஓர் இளம் டொக்டர் அவர் நடப்பதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கட குடும்பத்தில வேற யாருக்காவது இப்பிடி இருந்ததா?"

இருந்தது. அவருடைய தகப்பனாரும் தள்ளாடியவர்தான். அந்தத் தகப்பனாரின் தங்கை ஒருவர், கொழுந்துக் கூடையோடு வழுக்கும் படியில் விழுந்து விழுந்து, கடைசியில் படுக்கையிலேயே கிடந்து இறந்தவர். பெண் என்பதால் அவரைக் குடிகாரி என்று சொல்லவில்லை, பேய் பிடித்தது என்றார்கள். மூன்று பேரையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்க்க ஒரு தமிழ்க் கேள்வி தேவைப்பட்டது. அதன் பிறகு நரம்பியல் நிபுணர், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரு வருடத்துக்குள் நடந்தன. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனிதப் பிறப்புரிமையியல் பிரிவு என்று ஒன்று இருப்பதும், இத்தகைய பரம்பரை நோய்களுக்கான பரிசோதனை அங்கே நடப்பதும் அப்போதுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது.

மருந்து இல்லாத நோய்க்கு இவ்வளவு அலைந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பெரியவர்கள் பலர் என்னிடமே கேட்டார்கள். முதலாம் வகை அட்டாக்ஸியாவைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிபுணரைப் பார்க்கும் முன் இது எந்த நோய் என்று யாருக்குத் தெரியும்? தள்ளாட்டத்தை உண்டாக்கும் நோய்களில் குணப்படுத்தக் கூடியவையும் உள்ளன. விட்டமின் பி12 குறைபாடு ஒன்று. தைரொயிட் சுரப்புக் குறைவு இன்னொன்று. வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. அதில் செம்பு உடலிலிருந்து வெளியேறாமல் ஈரலிலும் மூளையிலும் தேங்கிவிடும். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கே கை நடுங்கி, பேச்சுக் குழறி, குணம் மாறிப் போகும். கண்ணின் கருவிழியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிவது இதன் அடையாளம். கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொல்லும் அந்த நோயை, காலத்தோடு கண்டுபிடித்தால் மாத்திரையாலேயே கட்டுப்படுத்தலாம். அத்தகைய பிள்ளையையும் "நரம்புத் தளர்ச்சி" என்று நான்கு வருடம் ஊசி போட்டு வைத்திருந்தால் என்னவாகும்?

குணமாகாத நோயிலும் செய்வதற்கு நிறைய உண்டு. இயன்மருத்துவப் பயிற்சியால் நடக்கும் காலத்தை நீட்டலாம். மெலிந்த திரவம் மூச்சுக்குழாய்க்குள் போய் நியூமோனியா உண்டாவதுதான் பிந்திய காலத்தின் பெரிய ஆபத்து என்பதால், தேநீரையும் தண்ணீரையும் சற்றுக் கெட்டியாக்கிக் கொடுக்கவும், நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டவும் வீட்டாருக்குப் பழக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வைத்தியச் சான்று வேண்டும், சான்றுக்கு நோயின் பெயர் வேண்டும். இவை எல்லாவற்றையும் விட ஒன்று நடந்தது. அறிக்கை வந்த அன்று என் தோழியின் அம்மா அதைக் கொண்டு போய் லயத்தில் உள்ள ஒவ்வொரு காம்பராவிலும் காட்டினாராம். அங்கே அந்த ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான். இருந்தாலும் காட்டினார்.

அரிய நோய்களைக் கண்டுபிடித்த வரலாற்றைத் தேடி வாசித்தபோது என்னை மிகவும் கவர்ந்தவர் ஜோர்ஜ் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க வைத்தியர். மூளை படிப்படியாக அழியும் இன்னொரு பரம்பரை நோய்க்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1872 இல் அந்த நோயைப் பற்றி எழுதியபோது அவருக்கு வயது 22. அவர் நிபுணர் அல்லர், பேராசிரியரும் அல்லர். அவருடைய தகப்பனாரும் பாட்டனாரும் லோங் ஐலண்டில் உள்ள ஈஸ்ட் ஹம்ப்டன் என்ற கிராமத்தில் வைத்தியர்களாக இருந்தவர்கள். மூன்று தலைமுறை வைத்தியர்கள் அதே கிராமத்தின் அதே குடும்பங்களைப் பார்த்து வந்ததால், பாட்டனுக்கு இருந்த நோய் பேரனுக்கு வருவது அவர்கள் கண்ணில் பட்டது. பெரிய நகரத்தின் பெரிய வைத்தியசாலையில் ஒரு நோயாளியை ஒருமுறை பார்க்கும் நிபுணருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படிப்பட்டவர்கள் எமது தோட்டங்களில் இருக்கிறார்கள். தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஒரே தோட்டத்தில் பல வருடங்கள் இருக்கிறார். எந்த லயத்தில் யாருக்கு என்ன வருத்தம், யாருடைய அப்பா எப்படி இறந்தார் என்பது அவருக்குத் தெரியும். ஒரு குடும்பத்தில் இரண்டாவது ஆளும் தள்ளாடத் தொடங்கினால் அதை முதலில் அறியக் கூடியவர் அவர்தான். ஆனால் அவரிடம் நாம் எதிர்பார்ப்பது காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து கொடுப்பதையும் தடுப்பூசிக்குப் பெயர் எழுதுவதையும்தான். "ஒரே குடும்பத்தில் இருவருக்கு விளங்காத தள்ளாட்டம், நடுக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் நரம்பியல் கிளினிக்குக்கு நேரடியாகக் கடிதம் கொடு" என்று ஒரு வரி சுற்றறிக்கை அனுப்ப எவ்வளவு செலவாகும்?

இது எங்கோ வெள்ளைக்காரர்களின் நோய் என்று எண்ணுபவர்களுக்கு இரண்டு தகவல்கள். தமிழ்நாட்டில் ஒரு தமிழ்ச் சமூகத்தினரிடையே முதலாம் வகை அட்டாக்ஸியா வழமைக்கு மாறாக மிக அதிகமாகக் காணப்படுவதாக 2005 இல் இந்திய வைத்தியர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கைக் குடும்பங்களைப் பற்றி கொழும்பு மருத்துவ பீட ஆய்வாளர்கள் பங்குகொண்ட கட்டுரை 2013 இல் வந்தது. அதிலும் அதிகமாகக் காணப்பட்டது முதலாம் வகைதான். மலையக மக்களின் மூதாதையர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்பது எல்லோரும் அறிந்தது. ஐரோப்பாவில் இரண்டாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு மேற்படாத நோயைத்தான் அரிய நோய் என்கிறார்கள். ஆனால் பரம்பரை நோய் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரு நாட்டில் அரிதாக இருப்பது ஒரு லயத்தில் அரிதாக இருக்காது.

இந்நோய்க்குக் காரணமான பரம்பரை அலகைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் ஒரு பெண் என்பதை எமது கல்லூரி மாணவிகள் அறிந்திருப்பது நல்லது. ஹுதா ஸொக்பி லெபனானின் பெய்ரூட்டில் பிறந்தவர். அங்கே மருத்துவம் படித்துக் கொண்டிருந்தபோது உள்நாட்டு யுத்தம் மூண்டதால் அமெரிக்கா சென்று படிப்பைத் தொடர்ந்தார். சிறுவர் நரம்பியல் வைத்தியரான அவர் டெக்சாஸிலும், ஹரி ஓர் என்பவர் மினசோட்டாவிலும் தனித்தனியே தேடி, 1993 ஏப்ரல் 8 ஆம் திகதி ஒரே நாளில் அதைக் கண்டார்கள். 6 ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள அந்தப் பரம்பரை அலகில் சீ, ஏ, ஜீ என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். சாதாரண மனிதரில் அது பெரும்பாலும் 35 தடவைக்கு மேற்படாது. இடையறாமல் 39 அல்லது அதற்கு மேல் போனால் நோய். எண்ணிக்கை கூடக் கூட நோய் இளவயதிலேயே தொடங்கும், தலைமுறைக்குத் தலைமுறை அது கூடவும் செய்யலாம். ஒரே சொல்லைத் திக்கித் திக்கிச் சொல்வது போன்ற அந்தச் சிறு பிழைதான் ஒரு மனிதரைத் தள்ளாட வைக்கிறது.

இது ஆட்சியுடைய இயல்பு. அதாவது நோயுள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. பரீட்சையில் இந்தக் கணக்கைச் சதுரம் கீறி இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவோம். என் தோழி அந்தச் சதுரத்துக்குள் இருக்கிறாள். அவளுக்கும் என் வயதுதான், பதினேழு.

அவளுக்கு இப்போதே இரத்தம் சோதித்துப் பார்க்கலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னாராம், பெண் பார்க்கும் காலம் வருமுன் தெரிந்து கொள்ளலாமே என்று. எனக்கு அதைக் கேட்டபோது கோபம் வந்தது. தடுக்கவோ குணப்படுத்தவோ முடியாத, பெரியவர்களானதும் வரும் நோய்களுக்கு அறிகுறி இல்லாத சிறுவர்களைச் சோதிக்கக் கூடாது, வயது வந்த பின் அவர்களே விரும்பினால் ஆலோசனையோடு சோதிக்கலாம் என்பதுதான் உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நெறி. நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் தாயார் ஹன்டிங்டன் நோயால் 1978 இல் இறந்தார். மகள் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக் கரையில், அந்நோய் தலைமுறையாகப் பரவியிருந்த ஏழை மக்களிடம் வருடா வருடம் போய், இரத்தம் சேகரித்து, அதன் பரம்பரை அலகு 1993 இல் கண்டுபிடிக்கப்படக் காரணமானவர்களில் ஒருவரானார். சோதனை வருவதற்கு வழி செய்த அவரே தன் சொந்த நிலையைப் பற்றி உலகுக்குச் சொல்லாமலே வாழ்ந்தார். தனக்கும் அந்த நோய் இருப்பதை 2020 இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். தெரிந்து கொள்வது ஓர் உரிமை என்றால், தெரியாமல் இருப்பதும் அவரவர் உரிமைதான். அந்த உரிமையைக் கலியாணத் தரகரிடமோ மாமியாரிடமோ கொடுக்க முடியாது.

கலியாணம் என்று வந்ததால் பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாம் வகை அட்டாக்ஸியா சொந்தத்தில் முடிப்பதால் வருவதல்ல. ஆனால் நான் முன்னர் சொன்ன வில்சன் நோய் பின்னிடைவானது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். மாமி மகனுக்கும் மாமா மகளுக்கும் முடித்து வைக்கும் வழக்கம் எம்மவரிடமும் இருக்கிறது, தோட்டத்துச் சகோதரர்களிடமும் இருக்கிறது. வழக்கத்தை நான் குறை கூறவில்லை, மார்க்கத்தில் அதற்குத் தடையும் இல்லை. ஆனால் குடும்பத்தில் விளங்காத நோயால் இறந்த பிள்ளை ஒன்று இருந்தால், அதைப் பற்றி வாய் திறக்காமல் மௌனமாக முடித்து வைப்பது சரியல்ல.

இனி நடைமுறைக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் நரம்பியல் நிபுணர் என்றதும் கண்டி தேசிய வைத்தியசாலை அல்லது கொழும்பு தேசிய வைத்தியசாலை என்றுதான் சொல்வார்கள். வசதி உள்ளவர்கள் வேலூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024 இல் வர்த்தமானியில் வந்தது. நோயாளியும் மனைவியும் கொழும்பு போய்வர இரண்டு நாட்கள் என்றால் அந்தக் கணக்கில் இழக்கும் சம்பளமே 5,400 ரூபா. பஸ், சாப்பாடு, தங்குமிடம் அதற்கு மேலே. நேராக நிற்க முடியாத ஒருவரை நெரிசலான பஸ்ஸில் கொண்டு போக முடியாமல் வான் பிடித்தால் கணக்கே வேறு. இந்தப் பயணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொன்னால் அவர் இரண்டாவது முறை வரமாட்டார். வராததை "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிடுவது சுலபம்.

நாட்டில் நிபுணர்களே குறைவு, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலர் வெளிநாடு போய்விட்டார்கள், மலைநாட்டுக்கு எங்கே தேடுவது என்று சிலர் கேட்பார்கள். நிபுணர் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. குறைவாக இருப்பதால்தான் அவர்களுடைய நேரத்தை ஒழுங்காகப் பயன்படுத்த வேண்டும் என்கிறேன். ஐம்பது நோயாளிகள் தனித்தனியே இறங்கிப் போவதை விட ஒரு நிபுணர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறி வருவது இலகு. கட்டடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலையை 2017 மே 12 ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்து வைத்தார். நோர்வூட்டில் கூடிய கூட்டம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. இந்த இரண்டிலும் ஒழுங்கான இடைவெளியில், முன்கூட்டி அறிவித்த நாளில், தமிழிலும் நடக்கும் நரம்பியல் கிளினிக் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசையா? தமிழ் தெரியாத நிபுணர் என்றால் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தாதியை வையுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று 1987 முதல் சட்டத்தில் இருக்கிறது. கிளினிக் கொப்பிக்குள் அது வருவதற்கு இன்னும் எத்தனை வருடம்?

இடைப்பட்ட காலத்தில் தொலைபேசியே பாதி வேலையைச் செய்யும். நடை நோய்கள் கண்ணால் பார்த்து அறிய வேண்டியவை. ஒரு நோயாளி பத்தடி நடந்து திரும்பி வருவதையும், மூக்கைத் தொட்டு எதிரே உள்ளவரின் விரலைத் தொடுவதையும், ஒரு வசனம் பேசுவதையும் வீடியோ எடுத்து டிஸ்பென்சரியிலிருந்து கண்டிக்கு அனுப்பினால், யாரை அவசரமாக அழைக்க வேண்டும் என்று நிபுணர் அங்கிருந்தே தீர்மானிக்கலாம்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன்களில் கடை வைத்திருக்கும் எமது சமூகத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. எங்கள் கல்லாப்பெட்டிக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி தோட்டத்துச் சம்பள நாளில் வருவதுதான். ஸக்காத் யாருக்கு என்பதில் உலமாக்களின் வரையறை உண்டு, ஆனால் ஸதகாவுக்கு அப்படி இல்லை. ஒரு பள்ளிவாசல் மாதம் ஒரு வானுக்கு டீசல் போட்டு, சிங்களம் தெரிந்த ஒருவரையும் ஏற்றி, கண்டி கிளினிக்குக்கு நோயாளிகளைக் கொண்டு போய்க் கொண்டு வரலாம். மத வேறுபாடு பாராமல் செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, இப்படி ஒரு நோயாளி இருக்கும் வீட்டுப் பிள்ளை யாராவது இதை வாசித்தால் அவருக்கு: கிளினிக்குக்குப் போகும் முதல் நாள் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பாட்டன் பாட்டியிலிருந்து தொடங்கிக் குடும்பத்தைக் கீறுங்கள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். தள்ளாடியவர்கள், குடிகாரர் என்று பேர் வாங்கியவர்கள், பேய் பிடித்தது என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோரையும் கறுப்பாக நிரப்புங்கள். பக்கத்தில் எத்தனை வயதில் தொடங்கியது, எத்தனை வயதில் இறந்தார் என்று எண்ணில் எழுதுங்கள். எண்ணுக்கும் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் மொழி தேவையில்லை. எந்த வைத்தியருக்கும் அது ஒரு நிமிடத்தில் விளங்கும். அந்தத் தாளைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், அங்கே ஏற்கெனவே வேறு என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மேலே, பின் அடித்து வையுங்கள்.